பொதுக் கதைக்கு ஒரு சட்டம்

எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்புக் கலைப்பிரிவு மாணவர் பதினொருவர் சேர்ந்து ஒரு கதை எழுதி வருகின்றனர். பாடத்திட்டத்துக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் இல்லை. அதனாற்றான் போலும், கட்டுரை எழுதச் சொன்னால் ஒரு பக்கத்தைத் தாண்டாத பிள்ளைகள் மூன்று மாதத்தில் இரண்டு தடித்த சீ. ஆர். கொப்பிகளை எழுதி நிரப்பிவிட்டனர். அந்தக் கொப்பிகளின் காரணமாக நான் ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது. அந்தச் சட்டத்தின்படியே ஓர் அநியாயமும் நடந்தது. அதை எழுதிவிட வேண்டுமென்று சில வாரங்களாக மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது.

2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்த 'பொன்னியின் செல்வ'னிலிருந்தே இந்த மோகம் பிறந்தது. படத்திலிருந்து பிள்ளைகள் புத்தகத்துக்குப் போனார்கள். புத்தகம் முடிந்த பின்னரும் அந்த உலகத்தை விட்டு வெளியேற மனம் வரவில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, கல்கி எழுதாது விட்ட இடங்களைத் தாமே எழுதத் தொடங்கினர். வந்தியத்தேவனை ஏற்றவன் வந்தியத்தேவன் செய்வதையும் சொல்வதையும் மட்டும் எழுதுவான். அதற்குக் குந்தவை என்ன மறுமொழி கூறினாள் என்பது மறுநாள் வேறொரு பிள்ளையின் கையெழுத்தில் வரும். நாடகமும் நாவலும் கலந்த ஒரு விளையாட்டு. எங்கள் பகுதியில் காத்தவராயன் கூத்தில் ஒரே காத்தானைப் பலர் மாறி மாறி ஆடுவார்களே, ஏறத்தாழ அதன் மறுதலை இது.

இருபது நாட்களுக்குள் குழப்பம் தொடங்கியது. காலையில் காஞ்சியில் ஆதித்த கரிகாலனோடு உரையாடிக்கொண்டிருந்த வந்தியத்தேவன், இன்னொருவருடைய பக்கத்தில் அன்று மாலையே கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தின் கீழ் நின்றான். குதிரை அத்தனை தூரத்தை எத்தனை நாளில் ஓடும் என்று கேட்பாரில்லை. பெரிய பழுவேட்டரையர் யாரோ ஒரு பிள்ளையின் பேனாவில் கண்ணீர் விட்டு அழுதார். "என்ரை பழுவேட்டரையர் அழமாட்டார்!" என்று அவரை ஏற்றிருந்த மாணவன் வகுப்பில் கத்தியதில், பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே இல்லை. ஆகவே அவள் சொன்னது செல்லாது என்று ஒருவன் வாதிட்டான். மணிமேகலையை ஏற்றிருந்த பிள்ளை அன்று மத்தியானம் சாப்பிடவில்லையென்று கேள்வி.

தமிழ் ஆசிரியன் என்ற முறையில் வழக்கு என்னிடம் வந்தது. தீர்ப்புக் கூற அழைக்கப்பட்டால் எந்த ஆசிரியனுக்கும் உள்ளூர ஒரு மகிழ்ச்சி உண்டு. நானும் அதற்கு விலக்கானவன் அல்லன்.

மூலம் எது என்பதை முதலில் நிர்ணயித்தோம். 1950 முதல் 1954 வரை கல்கி வாரந்தோறும் எழுதிய நூலே மூலம், திரைப்படம் அன்று. அதற்கும் அப்பால் சரித்திரம் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதையும், உத்தம சோழன் அரசாண்டதையும், 985இல் இராஜராஜன் பட்டத்துக்கு வந்ததையும் கல்கியாலேயே மாற்ற முடியவில்லை, நாமும் மாற்றலாகாது. இரண்டாவது கொப்பியின் கடைசித் தாள்களில் ஒரு நாட்காட்டி வரைந்தோம். ஆடிப்பெருக்கன்று கதை தொடங்குகிறது. அன்றிலிருந்து யார் எங்கே எந்த நாளில் இருந்தார் என்பதை ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். ஒருவருடைய பாத்திரத்தின் செயலை மற்றவர் தீர்மானிக்கலாகாது: வாளை ஓங்குவது ஓங்குபவரின் உரிமை, வெட்டு விழுந்ததா என்பதை வெட்டுப்படுபவரே எழுத வேண்டும். இந்த விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அரசியலமைப்பு எழுதியவர்களுக்கே இவ்வளவு தெளிவு வாய்த்ததில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

கடைசி விதி மட்டும் என்னுடையது. சண்டைக் காட்சி எழுதுவோருக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆயிரம் வீரர் மோதும் இடத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் யாரிடம் அனுமதி கேட்பது? எனவே நான் இப்படி எழுதிக்கொடுத்தேன்: 'மூலத்தில் பெயர் பெற்ற பாத்திரங்களே பாத்திரங்கள் எனப்படும். போர்வீரர், பல்லக்குத் தூக்குவோர், படகோட்டிகள், ஊர்ச்சனம் ஆகியோர் பின்னணியினர். இவர்கள் பொதுச்சொத்து. கதைக்குத் தேவையானபடி இவர்களை எவரும் எழுதலாம், கொல்லலாம்.' வாசகர் இதனை மறுமுறை வாசித்துப் பார்க்க வேண்டுகிறேன். மேடைகளிலே உழைக்கும் மக்களைப் பற்றிப் பேசுகின்ற ஒருவன், தன் கைப்பட, நல்ல தமிழில், எவ்வித உறுத்தலுமின்றி எழுதிய வாக்கியங்கள் இவை.

பதினோராவதாகச் சேர்ந்தவள் கடற்கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை. அவள் வந்தபோது நல்ல பாத்திரங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. பூங்குழலியைக்கூட ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டாள். ஆகவே அவள் மூலத்தில் இல்லாத ஒருத்தியைப் படைத்தாள்: கோடிக்கரையில் மரக்கலங்களுக்குக் கலப்பத்து அடைக்கும் பெண். பலகை இடுக்குகளிலே பஞ்சும் குங்கிலியமும் அடைத்து நீர் புகாமல் காக்கும் வேலை அது. அவளுடைய பாட்டனார் வள்ளம் கட்டுபவர். இன்று எல்லாம் பைபர் வள்ளங்கள் ஆகிவிட்டன. ஆயினும் 1938இல் அமெரிக்கா வரை பாய்விரித்துப் போன 'அன்னபூரணி'யைக் கட்டிய வல்வெட்டித்துறை இருக்கும் கரையல்லவா இது? அந்தக் கைவேலையின் நினைவு முற்றாக அழிந்துவிடவில்லை. தன் பெண்ணுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. கலப்பத்துக்காரி என்றே எழுதினாள்.

அவளுடைய முதற் பக்கமே மற்றவர்களை அசைத்துவிட்டது. பூங்குழலியை ஏற்றிருந்தவள், ஓர் இரவில் தனியே படகு வலித்துக் கோடிக்கரையிலிருந்து ஈழக்கரைக்கு வந்ததாக அழகாக எழுதியிருந்தாள். கலப்பத்துக்காரி அவளுடைய உள்ளங்கைகளைப் பார்த்து, புண் எங்கே என்று கேட்கிறாள். ஆடி ஆவணியிலே சோளகம் வள்ளத்தைக் கிழக்கே தள்ளுமே, அதை எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கிறாள். பருத்தித்துறையிலிருந்து கோடிக்கரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தக் கடலிலே தகப்பன் தொழில் செய்யும் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி அது. எங்கள் நாட்காட்டியில் அன்றிலிருந்து காற்றுக்கும் ஒரு நிரல் சேர்ந்தது. தொடர்ச்சி என்று நாங்கள் அதுவரை பேசியது, இளவரசர்கள் எந்த நாளில் எந்த அரண்மனையில் இருந்தார்கள் என்பதை மட்டுமே.

பிறகு ஒரு கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. இழுவைப் படகுகள் தகப்பனின் வலையை அறுத்துப் போய்விட்டன. மிஞ்சியதைப் பொத்துவதற்கு வீட்டில் எல்லாருடைய கைகளும் தேவைப்பட்டன. அந்தக் கிழமையிலே பழுவேட்டரையருடைய ஆட்கள் கோடிக்கரைக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். 'படகு வேலை செய்யும் பெண்ணொருத்தியும் அதில் மாண்டாள்' என்று ஒரே வரி. அடுத்த வரியில் குதிரைகள் தஞ்சைக்குத் திரும்பிவிட்டன.

"நான் வராத கிழமையிலை அவளைச் சாக்காட்டிப்போட்டினம், சேர்" என்று அவள் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

எழுதியவனைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் கெட்டவன் அல்லன். என் விதியை விரல் வைத்துக் காட்டினான். "மூலத்திலையும் இல்லை, பேரும் இல்லை. நீங்கள் எழுதித் தந்தபடி அது பின்னணி, சேர்."

நான் அவளிடம், "கதைதானே, பிள்ளை" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் வகுப்புக்குப் போய்விட்டாள். ஆசிரியத் தொழிலில் நான் சொன்ன மோசமான வாக்கியங்களில் இதற்கு ஓர் இடம் உண்டு.

அன்றிரவு, பல்கலைக்கழக நாட்களில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது; நூலைத் தேடியெடுத்து மீண்டும் வாசித்தேன். 1826ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் ஹோவர்த் என்ற கிராமத்துப் பாதிரியார் ஒருவர் தம் மகனுக்கு மரத்தாலான படைவீரப் பொம்மைகள் வாங்கி வந்தார். மகன் பிரான்வெல், சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் வைத்தனர். சார்லட்டின் வீரன் வெலிங்டன். பிரான்வெலின் வீரன் நெப்போலியன். அதிலிருந்து ஒரு பொது உலகம் விரிந்தது. உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ்சிறு புத்தகங்களில் அதன் வரலாற்றை எழுதினர். பிற்காலத்தில் 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் புரொண்டி இவளே. அவர்களுக்கும் தொடர்ச்சிச் சிக்கல் இருந்தது. பிரான்வெலுக்குப் போர் வேண்டும். போரென்றால் பிணம் வேண்டும். எனவே நால்வரும் தம்மையே அந்த உலகத்தின் பூதங்களாக்கி, இறந்தவர்களை உயிர்ப்பிக்கும் அதிகாரத்தைத் தமக்கே வழங்கிக்கொண்டனர். அண்ணனும் அக்காவுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த நாட்டிலிருந்து, சில ஆண்டுகளின் பின், இளைய இருவரும் பிரிந்துபோய் கொண்டல் என்ற வேறொரு நாட்டைத் தமக்கென அமைத்தனர். (நம் மீனவரின் கொண்டற் காற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர்ப் பொருத்தம் என்னைச் சற்று மகிழ்வித்தது, அவ்வளவே.) 1845இல், இருபத்தைந்தைக் கடந்த வயதில், யோர்க் நகருக்குப் போன பயணத்திலும் எமிலியும் ஆனும் கொண்டல் நாட்டுப் பாத்திரங்களாகவே நடித்துக்கொண்டு போயினர்.

என்னை நிறுத்தியது வேறு. 1836இல் சார்லட், வீட்டைவிட்டுத் தொலைவில், ஒரு பாடசாலையில் ஆசிரியை. தனக்குப் பிரியமான பாத்திரமான ஒரு சீமாட்டியை, தான் அங்கில்லாத வேளையில், வீட்டிலிருந்த தம்பி கதையில் கொன்றுவிட்டான் என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. மெய்யாகவே கொன்றுவிட்டானா என்று தன் குறிப்புகளில் ஏங்கினாள். பின்னர் தன் எழுத்தில் அவளை உயிரோடு மீட்டாள். இருபது வயது ஆசிரியை ஒருத்திக்கு அது 'கதைதானே' ஆக இருக்கவில்லை.

இன்னொன்றும் கண்ணிற் பட்டது. அந்த உலகத்தைப் பிள்ளைகள் அமைத்த இடம் மேற்கு ஆபிரிக்கக் கரை. பிரித்தானியர் அசாந்தி மக்களோடு உண்மையிலேயே போரிட்ட காலம் அது. 1824இல் ஆளுநர் ஒருவரே அப்போரில் மாண்டார். பிள்ளைகளின் கதையிலும் பன்னிரண்டு வெள்ளை வீரர் கப்பலில் வந்து இறங்கி, அசாந்தியரை வென்று, கண்ணாடி நகரம் எழுப்புகிறார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவராவது தம் முதல் வீரனாக ஓர் அசாந்தியனை எடுத்துக்கொள்ளவில்லை. பொம்மைப் பெட்டியில் அவன் இருக்கவில்லையே! உயிர்ப்பிக்கும் வரம் யாருக்குக் கிடைத்தது என்பது பெட்டிக்குள் யார் இருந்தார் என்பதைப் பொறுத்தது. என் விதியும் அதே பெட்டிதான்.

வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்த பின் வேப்பமரத்தின் கீழ் கூடினோம். விதியை எழுதியது என் பிழை என்று சொன்னேன். அவர்களுக்கு அது பெரிய விடயமாகப் படவில்லை. அந்தத் தாளை எப்படித் திருத்துவது என்பதே அவர்கள் கவலை. ஒருத்தி தாளைக் கிழித்துவிடலாம் என்றாள். வந்தியத்தேவன் தீயில் பாய்ந்து அவளைக் காப்பாற்றியதாக எழுதித் தருவதாக வந்தியத்தேவன் முன்வந்தான். வேறெதற்குத்தான் அவன் முன்வரவில்லை? நாட்காட்டியைப் பார்த்தபோது அன்று அவன் பழையாறையில் இருந்தான். விதியைத் திருத்துவதில் கடுமையான வாதம் நடந்தது. எழுதுபவர் இல்லாத வேளையில் அவருடைய பாத்திரத்தை, பெயர் இருந்தாலென்ன இல்லாவிட்டாலென்ன, தொடக்கூடாது என்றார்கள். அப்படியானால் சாகப் பயந்தவன் பள்ளிக்கு வராமலே இருந்துவிடுவானே என்று பழுவேட்டரையர் கேட்டான். நியாயமான கேள்விதான். இரண்டு கிழமை காத்திருப்பது என்று முடிந்தது. அந்தக் கால எல்லை எனக்கு இன்றும் உடன்பாடில்லை. தோட்டக் காணியிலும் கடலிலும் வேலை இரண்டு கிழமையில் முடிவதில்லை. வாக்கெடுப்பில் தோற்றேன்.

அதுவரை பேசாதிருந்த அந்தப் பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எழுப்ப வேண்டாம், சேர். செத்தது செத்ததுதான். ஆனால் செத்தபடியே எழுதவேணும்."

எங்களுக்கு விளங்கவில்லை. அவள் நாட்காட்டியைத் திருப்பினாள். அருள்மொழிவர்மனைச் சிறைப்பிடித்து வரப் பழுவேட்டரையர் ஈழத்துக்கு அனுப்பப்போகும் இரண்டு கப்பல்களும் கோடிக்கரையில் நிற்கின்றன. அவற்றுக்குக் கடைசியாகக் கலப்பத்து அடைத்த நாளை அவள் ஒரு மாதத்துக்கு முன்பே குறித்து வைத்திருந்தாள். மறுபடி அடைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அடைப்பவள் இறந்துவிட்டாள். அவளோடு குங்கிலியம் வைத்திருந்த குடிசையும் எரிந்துவிட்டது. எரித்தவரிடம் அந்தக் கரையில் எவர் வேலைக்குப் போவார்?

"இனிக் கப்பல் எப்பிடி வெளிக்கிடும்?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. பழுவேட்டரையரை ஏற்றவன் தன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினான். எங்கள் விதிகளில் அவனுக்கு உதவக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. மூலத்தின்படி கப்பல் போயே ஆகவேண்டும். தொடர்ச்சியின்படி அது போக முடியாது.

இதெல்லாம் நடந்து ஐந்து வாரமாகிறது. கப்பல்கள் இன்னும் கரையில் நிற்கின்றன. பழுவேட்டரையர் இரண்டு முறை கோடிக்கரைக்குத் தூது அனுப்பிவிட்டார். ஊரார் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊரார் சார்பில் எழுதுபவர்கள் இப்போது நால்வர். குந்தவையை ஏற்ற பிள்ளையும் ஒரு வலைக்காரக் கிழவியைத் தனியாக எழுதத் தொடங்கியிருக்கிறாள். 'பின்னணியினர்' என்ற சொல்லை நீல மையால் அடித்துவிட்டார்கள். மேலே வேறொன்றும் எழுதவில்லை. சென்ற சனிக்கிழமை அந்த மாணவன் சைக்கிளில் அவளுடைய கிராமத்துக்குப் போய், பாட்டனாரிடம் ஒரு மரக்கலத்துக்கு எத்தனை இறாத்தல் பஞ்சு வேண்டும், எத்தனை பேர், எத்தனை நாள் வேலை என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தானாம். திங்கட்கிழமை என்னிடம் வந்து, மன்னிப்புக் கேட்பதென்றால் பழுவேட்டரையர் நேரே போகவேணுமோ, ஓலை அனுப்பினால் காணுமோ என்று கேட்டான். ஊராரிடம் கேள் என்றேன். கொப்பி இப்போது அவர்களிடம் இருக்கிறது.