அலுமாரிக்குள் போன கைத்தொலைபேசி

சென்ற மார்கழி விடுமுறையில் தமக்கையார் வீட்டிற்குப் போயிருந்தேன். பதினான்கு வயதுப் பெறாமகள் முகம் வாடி ஒரு மூலையில் அமர்ந்திருந்தாள். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. வகுப்புத் தோழியைப் போல நடித்து எவனோ ஒருவன், அவளுடைய கைத்தொலைபேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, வாட்ஸ்அப் கணக்கையே தன்வசப்படுத்திவிட்டான். அவள் பெயரால் உறவினரிடம் பணமும் கேட்டிருக்கிறான்.

கணக்கை ஒருவாறு மீட்டாயிற்று. ஆனால் கைத்தொலைபேசி அத்தானின் அலுமாரிக்குள் போய்விட்டது. “பெண்பிள்ளைக்கு உதெல்லாம் என்னத்துக்கு?” என்பது அவருடைய தீர்ப்பு. முன்னர் மகன் கணினியைக் கழற்றிப் பழுதாக்கியபோது, “பொடியன் ஆராய்ச்சி செய்கிறான்” என்று சிரித்தவரும் அவரேதான்!

நான் வாதாடவில்லை. மட்டையில் இரண்டு வட்டங்கள் வெட்டி, பதினெட்டு மெய்களையும் அவற்றின் ஓரத்தில் எழுதுவித்தேன். ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் தம் இரகசியக் கடிதங்களில் ஒவ்வோர் எழுத்தையும் மூன்றிடம் தள்ளி எழுதுவாராம். உயிரை அப்படியே விட்டு மெய்யை மட்டும் தள்ளினோம். னகரம் முடிந்தால் மீண்டும் ககரத்திலிருந்து எண்ணிக்கை. ‘கடிதம்’ ‘ஞநிமல்’ ஆயிற்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சற்றுநேரத்தில் சிரிப்பு நின்றது. “சின்னம்மா, பதினேழுமுறை முயன்றால் எவரும் இதை உடைத்துவிடலாமே!” என்றாள். எவரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகக் கண்டது அது. பிறகு கடவுச்சொல்லைப் பற்றிய கணக்கில் இறங்கினோம். ஆங்கிலச் சிற்றெழுத்துக்கள் எட்டைக் கொண்டு ஏறக்குறைய 20,900 கோடிச் சொற்கள் ஆக்கலாம். மேலும் நான்கெழுத்துக் கூட்டினால் அத்தொகை நாலரை இலட்சம் மடங்குக்கு மேல் பெருகும். இராச்சாப்பாடு ஆறிப்போனதைப் பற்றித் தமக்கையார் இன்றும் முறையிடுகிறார்.

இரண்டாம் உலகயுத்தத்தில் எதிரிகளின் மறைமொழிகளை உடைத்த இங்கிலாந்தின் பிளெச்லி பார்க்கில் பணியாற்றியோருள் நால்வரில் மூவர் பெண்களென்பதை அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா மறைமொழியோடு மல்லாடிய ஜோன் கிளார்க்கைப் பற்றி அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவளுடைய பாடசாலையிலும் ஒருநாட் கருத்தரங்கு நடந்ததுதான். வந்தவர் பயங்கரக் கதைகள் சொல்லி, “செய்யாதே, தொடாதே” என்று எச்சரித்துச் சான்றிதழும் கொடுத்துப் போனாராம். அச்சத்தால் ஆர்வம் வளர்ந்ததாக நான் கண்டதில்லை. பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் 2017ஆம் ஆண்டில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு புதிர்ப்போட்டியைத் தொடங்கியது. பின்னர் அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரையே அழைத்தார்கள். மேற்படிப்புக்குரிய பாடங்களைத் தெரிவு செய்யுமுன்னரே அவர்கள் மனத்தைத் தொடவேண்டும் என்பது எண்ணம். தோழியரோடு குழுவாகச் சேர்ந்து முயல்வதும் அதில் ஒரு சிறப்பு. தனியொருத்தி ‘இது ஆண்பிள்ளைகளின் வேலை’ என்று ஒதுங்கிவிடுவாள். நால்வர் சேர்ந்தால் ஒதுங்க இடமேது?

ஆகையால் ஊர் திரும்பிய பின்னரும் ஞாயிறுதோறும் ஒரு புதிரைத் தபாலில் அனுப்பி வருகிறேன். இப்போது வகுப்புத் தோழியர் மூவரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் எனக்கனுப்பும் புதிர்கள்தாம் கடினமாயிருக்கின்றன.

தைப்பொங்கலன்று காலையில் அலுமாரிக் கதவிலே ‘மிங’ என்றெழுதிய சிறுதாள் ஒட்டப்பட்டிருந்ததாம். அத்தான் சால்வையைத் தோளிற் போட்டபடி வெகுநேரம் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றாராம். தமக்கையார் கடிதத்தில் எழுதியிருந்தார்.