ஒரே வண்டல், மூன்று மேசை

மூன்று கிராம் கண்ணாடிக் குடுவைக்கு. அரை கிராம் டெஃப்லான் கிண்ணத்துக்கு. ஒரு கிராம் மூடி போட்ட குழாய்க்கு. ஆய்வு மாணவி தராசின் கண்ணாடிக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாள். அள்ளுவதெல்லாம் ஒரே டப்பாவிலிருந்து: ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றில் எடுத்து, உலர்த்தி, சலித்த வண்டல். தோல் பதனிடும் கழிவிலிருந்து வந்த குரோமியத்தைத் தேடுகிறார்கள். நான் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

முதல் மேசையில் ராஜதிராவகம். ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு. கலந்த சற்று நேரத்தில் ஆரஞ்சு நிறம் ஏறுகிறது, மூக்கில் நெடி குத்துகிறது. தங்கத்தையே கரைக்கிற திரவம், மணலிடம் தோற்றுப்போகிறது. 16 மணி நேரம் ஊறவைத்து, 2 மணி நேரம் கொதிக்கவிட்டு இறக்கினாலும் குடுவையின் அடியில் வெளிறிய படிவு கிடக்கும். அதற்குள் அடைபட்ட குரோமியம் கணக்கில் வராது.

இரண்டாவது மேசைக்குப் போகுமுன் அவள் ஆய்வக உதவியாளரிடம் கேட்கிறாள்: "ஜெல் எங்கண்ணே?"

"இங்கதாம்மா இருக்கு. முதல்ல கையுறையை இன்னொரு அடுக்கு போடு."

கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகுதான் ஹைட்ரோஃபுளோரிக் அமிலப் புட்டியைத் திறக்க விடுகிறார் அந்த உதவியாளர். தோலில் பட்டால் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் அமிலம் அது. கண்ணாடியை அரித்துவிடும் என்பதால்தான் டெஃப்லான். மைக்ரோவேவ் எந்திரத்தில் 180 டிகிரிக்குச் சூடேறும்போது மணலும் கரையும். அப்போதும் குரோமைட் கனிமத் துணுக்குகள் சில சமயம் பிடிவாதமாக மிஞ்சும்.

மூன்றாவது மேசைதான் எனக்குப் பிடித்தது, உதவியாளருக்குப் பிடிக்காதது. "நாள்கணக்குல இழுக்கும்" என்று முகம் சுளிக்கிறார். 0.11 மோலார் அசிட்டிக் அமிலம். வினிகரை விட நீர்த்தது. 16 மணி நேரம் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிவை வடித்து வைக்க வேண்டும். மறுநாள் ஹைட்ராக்சிலமைன் ஹைட்ரோகுளோரைடு. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளோடு ஒட்டியதை அது கழற்றும். அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடு. மக்கிய கரிமப் பொருள் பிடித்து வைத்திருந்ததை விடுவிக்கும். டெஸ்ஸியர் குழு 1979-இல் ஐந்து படிகளாக வகுத்த வழியை ஐரோப்பியர்கள் பிற்பாடு மூன்றாகச் சுருக்கினார்கள்; பி.சி.ஆர். (BCR) முறை என்று பெயர். உலோகம் எவ்வளவு என்பதோடு, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதா, அஸ்திவாரத்துக்குள் புதைந்திருக்கிறதா என்றும் இது விசாரிக்கிறது. குறையில்லாமல் இல்லை. ஒரு படியில் வெளியே வந்த உலோகம் மிச்ச மண்ணிலேயே மறுபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

உலைகள் சூடேறும் இடைவெளியில் அவள் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் முன்பு தந்த, உலோக அளவு உறுதி செய்யப்பட்ட சான்று மண்களின் தாள்களைப் புரட்டுகிறாள். கலிபோர்னியாவின் சான் வாக்கின் மண்ணில் மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 130 மில்லிகிராம். அதே மண்ணை நைட்ரிக் அமிலமும் பெராக்சைடும் கொண்டு சூடாக்கிப் பிரித்தால் சுமார் 79. மொண்டானா மண்ணின் ஈயமோ மொத்தம் 1162, அமிலத்தில் வந்தது சுமார் 1100. ஈயம் ஏறக்குறைய முழுதாக இறங்கி வருகிறது. குரோமியம் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

"அப்போ கைடு சார் கேட்ட நம்பர் எதுண்ணே?"

"எந்த மெத்தட் வேணும்னு சாரையே கேளும்மா."

உதவியாளர் சொன்னதுதான் சரி. பாறையின் வரலாற்றை எழுதுபவருக்கு இரண்டாவது மேசை. வெள்ளத்திலும் அமில மழையிலும் எது கரைந்து வரும் என்று பயப்படுபவருக்கு மூன்றாவது. மாசு வரம்பைத் தாண்டியதா என்று பார்க்க உலகில் பல நாடுகள் முதல் மேசையோடு நிறுத்திக்கொள்கின்றன. உங்கள் ஊர் ஆற்று மண்ணைப் பற்றி இத்தனை மில்லிகிராம் என்று மட்டும் எழுதி, எந்த அமிலத்தில் கரைத்தார்கள் என்று எழுதாத அறிக்கை வந்தால் ஏற்காதீர்கள். முறையின் பெயரை எழுதித்தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.