கப்பலில் ஒரு கணக்கு

2023-ஆம் வருஷம், மயாமியிலிருந்து கரீபியன் கடலில் 7 நாள் உல்லாசப் பயணம். பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால் வேளாவேளைக்கு வேண்டியதை அருந்தலாமாம். நாளொன்றுக்கு ஆளுக்கு 70 டாலர். மேலே 18 சதவிகிதம் சேவைக் கட்டணம். எனக்குச் சபலம்தான், நேயர்களே! ஆனால் ஒரே அறையில் தங்கும் பெரியவர்கள் எல்லோருமே கட்ட வேண்டும் என்றார்கள். என் மனைவியோ காபியைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள்!

பேனாவை எடுத்தேன். தனியாக வாங்கினால் ஒரு கோப்பை ஒயின் 12 டாலர். அதற்கும் அதே சேவைக் கட்டணம். அவள் பங்கையும் சேர்த்து நான் தினம் 12 கோப்பை குடித்தால்தான் போட்ட பணம் தேறும். கரையிறங்கி ஊர் சுற்றும் 3 நாட்களுக்கும் விலக்கில்லை.

"தண்ணீரும் காபியும் சும்மாதானே தருகிறார்கள்?" என்றாள் அவள். 1,156 டாலர் தப்பியது.

கடைசி நாள் பில் வந்தது: ஒயின் 9 கோப்பை, 127 டாலர் சொச்சம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.