குறை கையில் இல்லை

கடந்த வருடம் ஒலுவிலில் பெண்களுக்கான கணினி வகுப்பொன்றில் உதவியாக இருந்தேன். ஐம்பதைத் தாண்டிய ராத்தா ஒருவர் வந்தார். பன்பாய் இழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். சேமிப்புக் குழுவின் பொருளாளர். கணக்குக் கொப்பி கணினிக்கு மாறவிருந்தது.

அவருக்கு டபிள் கிளிக் வரவேயில்லை. முதல் அழுத்தலுக்குப் பின் விரல் தயங்கும். "கெதியா அமத்துங்க ராத்தா" என்று பலமுறை சொன்னேன். என் குரலில் சலிப்பும் இருந்தது. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை. வீடு தேடிப் போனேன்.

"பொருளாளர் வேலைய வேற ஆளுக்குக் குடுங்க தங்கச்சி. இது படிச்ச ஆக்கள்ற கைக்குத்தான்" என்றார்.

அன்றிரவு கன்ட்ரோல் பெனலில் மவுஸ் பகுதியைத் திறந்தேன். இரண்டு அழுத்தல்களுக்கிடையே விண்டோஸ் வழமையாகத் தரும் அவகாசம் அரை விநாடிதான். டபிள் கிளிக் வேகத்தை மெதுவான பக்கம் நகர்த்தினால் அவகாசம் கூடும். அம்புக்குறியின் ஓட்டத்தைக் குறைக்கலாம். அதைப் பெரிதாக்கவும் முடியும்.

சமூகவியல் படித்தவள் நான். குறை மனிதரிலா, அமைப்பிலா என்று கேட்கப் பழகியவள். அந்தக் கேள்வியைக் கணினி முன்னால் மறந்துபோனேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டு ராத்தாவை அழைத்து வந்தேன். தன் வேகத்திலேயே இரண்டு முறை அழுத்தினார். கணக்குத் திறந்தது.

"அப்ப என்ட கையில குறையில்லையா?" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் கணினி முன் தடுமாறினால், முதலில் அந்த மவுஸ் பகுதியைத் திறந்து பாருங்கள்.