கண் பிரஷரும் ராத்திரி பி.பி.யும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல அப்பாவோட கண் சமாச்சாரம். ஆணி பத்தி எழுதினா நீங்க தெறிச்சு ஓடிடுவீங்க, அதனால கண்ணைப் பத்தி. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். படிச்சதையும் டாக்டரைக் குடைஞ்சு கேட்டுத் தெரிஞ்சுகிட்டதையும்தான் எழுதறேன்.

க்ளாக்கோமாவுக்குத் தமிழ்ல 'கண் நீர் அழுத்த நோய்'னு பேரு. பேச்சுவழக்குல 'கண் பிரஷர்'. எந்தப் பேரை எடுத்தாலும் அதுல அழுத்தம் இருக்கு. அதனால அழுத்தம் குறைஞ்சா நோய் போயிடுச்சுன்னு ஜனங்க நினைச்சுக்கறாங்க. இந்தப் பேரு சொல்றது பாதிக் கதைதான்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

அப்பாவுக்கு 63 வயசு. திருச்சியில இருக்கார். ஆறு வருஷமா சொட்டு மருந்து போடறார், ஒரு நாள் தவறினது கிடையாது. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கண் அழுத்தம் 14, 15னுதான் இருக்கும். 10லிருந்து 21 வரைக்கும் நார்மல்னு கணக்கு, அதனால அவருக்கு ஒரே சந்தோஷம். தினமணியை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் பொடி எழுத்து விடாம படிப்பார். ஆனா இடது பக்கம் வச்ச காபி டம்ளரை மட்டும் அடிக்கடி தட்டி விட்டுடுவார். "என்னங்க, கவனம் எங்க இருக்கு?"ன்னு அம்மா சத்தம் போடுவாங்க. கவனத்துல ஒண்ணும் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் அவருக்குப் பார்வையே இல்லை.

பெரிமெட்ரின்னு ஒரு டெஸ்ட் உண்டு. ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள்ள முகத்தை வச்சுகிட்டு, பொட்டுப் பொட்டா வெளிச்சம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்கணும். அமுக்காத இடமெல்லாம் பேப்பர்ல கறுப்பா வரும். அப்பாவோட கறுப்பு ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் கொஞ்சம் பெரிசாகிட்டே வந்துச்சு. பிரஷர் நார்மல், ஆனா பார்வை சுருங்குது. எப்படி?

கண் நீர்னா அழும்போது வர்ற கண்ணீர் இல்லை. கண்ணோட முன்பகுதிக்குள்ள சுரந்து, ஒரு ஓரத்துல இருக்கிற சல்லடை வழியா வடிஞ்சு போற திரவம். வடிகால் அடைச்சா அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பின்பக்கம் இருக்கிற பார்வை நரம்பை நசுக்கும். இது பாடப்புத்தகக் கதை, சரிதான். ஆனா ஜப்பான்ல தஜிமின்னு ஒரு ஊர்ல எடுத்த சர்வே 2004ல வெளியாச்சு. அங்க திறந்த கோண க்ளாக்கோமா இருந்தவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல கண் அழுத்தம் 21ஐத் தாண்டவே இல்லை! அதுக்காக சொட்டு மருந்து வேஸ்ட்னு அர்த்தம் இல்லைங்க. நார்மல் பிரஷர்லயே க்ளாக்கோமா வந்தவங்களை வச்சு செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு 1998ல வந்துச்சு. அதுல, இருக்கிற அழுத்தத்தை இன்னும் 30 சதவீதம் குறைச்ச கண்கள்ல 12 சதவீதம்தான் மோசமாச்சு, குறைக்காத கண்கள்ல 35 சதவீதம். ஆக மருந்து வேலை செய்யுது. ஆனா அந்த 12 எங்கேர்ந்து வந்துச்சு?

இங்கதான் இதயம் உள்ள வருது. பார்வை நரம்புல ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, 10 லட்சம் வயர் இருக்கிற ஒரு கேபிள். அது மூளையோட ஒரு கிளை. விரல் நரம்பு அறுந்தா திரும்ப வளர வாய்ப்பு உண்டு, இது வளராது. இந்த இழைகளுக்கு இடைவிடாம ரத்தம் வேணும்.

அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். மாடிக் குழாய்ல தண்ணி வரணும்னா மோட்டார் தள்ளுற பலம் எதிர்ப்பை விட ஜாஸ்தியா இருக்கணும். கண்ணுக்கும் அதே கணக்குதான். ரத்தத்தை உள்ள தள்ளுறது பி.பி., எதிர்த்து நிக்கிறது கண் அழுத்தம். பி.பி.யிலேர்ந்து கண் அழுத்தத்தைக் கழிச்சா மிச்சம் என்னவோ அதுதான் நரம்புக்குக் கிடைக்கிற பலம். அமெரிக்காவுல பால்டிமோர் நகரத்துல நடந்த ஆய்வு 1995ல வந்துச்சு. இந்த மிச்சம் ரொம்பக் குறைவா இருந்தவங்க கிட்ட க்ளாக்கோமா ஆறு மடங்கு அதிகமா இருந்துச்சுன்னு சொல்லுது.

சரி, அப்பாவுக்கு பி.பி. ஜாஸ்திதானே, நல்லதுதானேன்னு நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். அதுக்கு அவர் அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, பி.பி. மாத்திரை எப்ப போடறீங்க?"

"ராத்திரி சாப்பிட்டதும் டாக்டர். ரெண்டும் சேர்த்து."

தூங்கும்போது பொதுவா பி.பி. 10லிருந்து 20 சதவீதம் இறங்கும், அது இயற்கை. சிலருக்கு அதைவிட ரொம்ப இறங்கும். படுத்தா கண் அழுத்தமும் கொஞ்சம் ஏறும். பஞ்சாப்ல பிறந்து அமெரிக்காவோட அயோவாவுல வேலை பார்த்த சோஹன் சிங் ஹேரேங்கிற கண் டாக்டர், ராத்திரி இப்படி பி.பி. விழறது பார்வை நரம்பைப் பாதிக்கலாம்னு 1994லயே எழுதியிருக்கார். ராத்திரி போடற பி.பி. மாத்திரை அந்த இறக்கத்தை இன்னும் ஆழமாக்கலாம்.

அப்பாவுக்கு 24 மணி நேரம் பி.பி. பார்க்கிற மெஷினை மாட்டினாங்க. "ராத்திரி பூரா யாரோ கையைப் பிடிச்சு இழுத்துகிட்டே இருந்தான்டா"ன்னு புலம்பினார் :-) ரிப்போர்ட் பார்த்ததும் சிரிப்பு போயிடுச்சு. பகல்ல 132/82. விடிகாலை 3 மணிக்கு 92/48. கீழ இருக்கிற எண்ணை எடுத்துக்கங்க. படுத்திருக்கும்போது கண் அழுத்தம் 17னு வச்சுகிட்டாலும் மிச்சம் 31. பகல்ல இதே மிச்சம் 67. ஊரே தூங்குற நேரத்துல அந்த நரம்பு பாதிக்கும் குறைவான சப்ளையில ஓடிகிட்டு இருந்திருக்கு. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறதெல்லாம் காலை 11 மணிக்கு!

இன்னொரு விஷயம். பி.பி. மேலயும் கீழயும் ஆடினாலும் கண்ணுக்கு ரத்தம் சீராப் போக, குட்டி ரத்தக் குழாய்கள் தானாவே விரிஞ்சு சுருங்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கும். சிலருக்கு இந்த ஏற்பாடு சரியா வேலை செய்யாது. லேசான குளிர்லயே கை கால் சில்லிட்டுப் போறவங்க, அடிக்கடி ஒத்தைத் தலைவலி வர்றவங்க கிட்ட இதைப் பார்க்கலாம்னு ஸ்விட்சர்லாந்தோட பாசல் நகர டாக்டர் யோசஃப் ஃபிளாமர் நிறைய எழுதியிருக்கார். அதுக்காக உயர் ரத்த அழுத்தம் நல்லதுன்னு கிளம்பிடாதீங்க. வருஷக்கணக்கா ஏறியே இருந்தா அதே குட்டிக் குழாய்கள் தடிச்சு, இறுகிப் போகும். கண்ணுக்கு ரெண்டுமே ஆபத்து.

பாதை ஒருவழியும் இல்லை. டிமலால்னு ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கிற சொட்டு மருந்து, கண்ணுலேர்ந்து மூக்குக்கு வடிஞ்சு நேரா ரத்தத்துல கலக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு இழுப்பு வரவைக்கும். அதனால சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டின ஓரத்தை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திக்கணும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தா முதல்லயே சொல்லிடணும். யோகா பண்றவங்களுக்கும் ஒரு தகவல். சிரசாசனம் பண்ணும்போது கண் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகுதுன்னு சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் 2006லயே அளந்து எழுதியிருக்காங்க. க்ளாக்கோமா இருந்தா தலைகீழா நிக்க வேண்டாம். நடங்க, போதும்.

இவ்வளவு சேதம் ஆகியும் அப்பாவுக்கு ஏன் தெரியலைன்னு கேட்பீங்க. மூளை பண்ற வேலை அது. பார்வையில ஓட்டை விழுந்தா கறுப்பாக் காட்டாது, சுத்தி இருக்கிறதை வச்சு ஒட்டுப் போட்டு ஒப்பேத்திடும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கிறதால பேப்பர் படிக்கலாம், ஊசியில நூல் கோக்கலாம். சேதம் கண்ணோடவும் நிக்கறதில்லை. அந்தக் கேபிள் போய்ச் சேர்ற மூளைப் பகுதியும் சுருங்குதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால ஞாபகமறதி நோய்க்குத் தர்ற மெமன்டினைக் கூட இதுக்கு முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. 2018ல முடிவு வந்துச்சு, பலன் இல்லை. இன்னிக்கு வரைக்கும் நிரூபணமான வைத்தியம் கண் அழுத்தத்தைக் குறைக்கிறது மட்டும்தான்.

அப்பாவோட கண் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தார், அதை எடுத்துகிட்டு பி.பி. டாக்டர்கிட்ட போனோம். அவர் ஒரு மாத்திரையைக் காலைக்கு மாத்திட்டு இன்னொண்ணோட டோஸைக் குறைச்சார். அதுக்கப்புறம் எடுத்த ஒரு பெரிமெட்ரியில கறுப்பு பெருகலை. ஒரு ரிப்போர்ட்டை வச்சு ஜெயிச்சோம்னு சொல்ல முடியாது. போனது வரவும் போறதில்லை. டம்ளரை அம்மா இப்போ வலது பக்கம் வைக்கறாங்க, அவ்வளவுதான்.

தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு யாரும் பி.பி. மாத்திரையை நீங்களா நிறுத்தவோ நேரம் மாத்தவோ வேண்டாம். பக்கவாதம் க்ளாக்கோமா மாதிரி வருஷக்கணக்கா காத்திருக்காது. நான் கேட்டுக்கறது ரெண்டே ரெண்டுதான். உங்க வீட்டுப் பெரியவங்க கண் டாக்டர்கிட்ட போகும்போது பி.பி. மாத்திரைச் சீட்டும் கையில இருக்கட்டும், பி.பி. டாக்டர்கிட்ட போகும்போது கண் ரிப்போர்ட்டும் இருக்கட்டும். அந்த ரெண்டு டாக்டரும் சந்திக்கிற ஒரே இடம் நம்ம கையில இருக்கிற பைதான்.

ரெண்டாவது, 40 தாண்டினவங்க கண் நரம்பை ஒரு தடவை பார்த்துடுங்க. மதுரைப் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை எடுத்த சர்வே 2003ல வந்துச்சு. அதுல திறந்த கோண க்ளாக்கோமா இருந்தவங்கள்ல பத்துல ஒன்பது பேருக்கு மேல, தங்களுக்கு அது இருக்குன்னே தெரியாது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க யாருக்காவது இருந்தா 40 வரைக்கும் காத்திருக்காதீங்க. எனக்கு 28, போன வாரம் பார்த்துட்டு வந்தாச்சு. இப்போதைக்கு ஒண்ணும் இல்லை, வருஷா வருஷம் வரச் சொல்லியிருக்காங்க. அக்காவை இன்னும் கூட்டிட்டுப் போகலை. "எனக்கு எல்லாம் நல்லாத்தான்டா தெரியுது"ங்கறா.

பி.கு: உங்க வீட்டுல இந்த மாதிரி 24 மணி நேர பி.பி. பார்த்தவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அக்காகிட்ட காட்டணும்.