உறைந்த குளத்தருகே

ஜனவரித் திங்களில், கனடாவின் டொரொண்டோ நகரில், நண்பரொருவரின் கொல்லைக் குளத்தைக் கண்டோம். இரவுக் கடுங்குளிரில் நீர்ப்பரப்பு முற்றும் உறைந்திருந்தது. உள்ளிருக்கும் ஏழு தங்கமீன்களும் மடியுமே என அஞ்சி, பனிக்கட்டியை உடைக்கத் தடியெடுத்தோம்.

“அடிக்காதீர்கள்! அந்த அதிர்வே அவற்றைக் கொல்லக்கூடும்” எனத் தடுத்தார் நண்பர். கொதிநீர்ப் பாத்திரமொன்றைப் பனிமீது வைத்து, மெல்ல உருக்கித் துளை செய்தார். அழுகிய இலைகளின் நச்சுவாயு அதன்வழியே வெளியேறுமாம்.

உணவிடுவது பற்றி வினவினோம். “நீர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் மீன்களுக்குச் செரிமானம் குன்றும், உணவிடலாகாது” என்றார். 4 பாகையில் நீர் மிகக் கனமாகி அடியில் தங்குவதால், ஆழமான குளத்தின் அடித்தளம் உறைவதில்லை. மீன்கள் அங்கே அசைவின்றிக் காத்திருக்கும்.

ஏப்ரலில் கடிதம் வந்தது: “ஏழும் நலம்.” அன்று நாங்கள் ஓங்கிய தடியை நினைத்து நாணினோம்.