தம்பி, அது குறுணல்தான்

பாமன்கடை,
கொழும்பு 6.

என் அன்பின் தம்பிக்கு,

நீ மாமாவின் மகனிடம் கொடுத்துவிட்ட பொதி போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. சுவெற்றர் அளவாக இருக்கிறது. முழங்கால் நோவுக்குப் பூசும் களிம்பும் பத்திரமாக வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஓட்ஸ் பக்கற். "இங்கே டொக்டர் சாப்பிடச் சொன்னது அக்கா. எனக்குச் சரிவரேல்லை. நீங்கள் சமைச்சுப் பாருங்கோ" என்று ஒரு துண்டும் வைத்திருந்தாய்.

அதை வாசித்ததும் உன்னில் எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து மாதிரிச் சொல்லித் தந்த சாப்பாட்டைக் கடல் தாண்டி எனக்கு அனுப்பிவிட்டு நீ காலமையில் என்ன சாப்பிடுகிறாய்? போனில் கேட்டால் "ஏதோ சாப்பிட்டன்" என்கிறாய். அந்த "ஏதோ" என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளைப் பாண் இரண்டு துண்டு. இல்லாவிட்டால் கோப்பைக்குள் கொட்டிச் சுடுதண்ணி ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் களியாகிற அந்தச் சீனி போட்ட ஓட்ஸ். மச்சாள் இருந்திருந்தால் உன்னை இப்படி விட்டிருப்பாவோ?

சனிக்கிழமை முதல் தரம் வைத்துப் பார்த்தேன். இங்கே கடைகளில் வாங்கும் தட்டை ஓட்ஸைப் போல ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கினேன். தண்ணி வேறு, மணி வேறாகக் கிடந்தது. கடித்தால் மணல் மாதிரி. நீ சரிவரவில்லை என்று எழுதியது இதைத்தான் என்று விளங்கியது. அடுத்த நாள் கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். தம்பி, அது குறுணல். அம்மா சுன்னாகத்து வீட்டு விறாந்தையில் இருந்து சுளகில் கொழித்து எடுத்து, பால்மாப் பேணியில் போட்டு வைப்பாவே, அந்தக் குத்தரிசிக் குறுணல். நிறம்தான் வேறு. ஓட்ஸின் உமியை நீக்கி, ஒவ்வொரு மணியையும் உருக்குக் கத்தியால் இரண்டு மூன்று துண்டாக வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். தட்டை ஓட்ஸ் என்பது ஆவியில் அவித்து உருளையில் நசுக்கியது. உன் இரண்டு நிமிட ஓட்ஸ் அதையும் விட மெல்லியதாக நசுக்கியது. குறுணலை ஐந்து நிமிடத்தில் இறக்கினால் அம்மா அந்தச் சட்டியைப் பந்திக்குக் கொண்டுவர விட்டிருப்பாவோ?

எனக்குப் பிரஷர் பார்க்கும் கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பிள்ளையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நார்ச்சத்து வெட்டியதிலும் நசுக்கியதிலும் ஏறக்குறைய ஒன்றுதானாம். வித்தியாசம் வேகத்தில். மெல்லியதாக நசுக்கியது வயிற்றில் உடனே கரைந்து இரத்தத்தில் சீனியைக் கெதியாக ஏற்றும். வெட்டின மணி மெல்ல மெல்லத்தான் விட்டுக்கொடுக்கும். அந்த வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெட்டிய ஓட்ஸுக்கு 55 அளவில், இரண்டு நிமிட ஓட்ஸுக்கு 75 அளவில். தடிப்பான தட்டை ஓட்ஸ் கிடைத்தால் அதுவும் வெட்டியதற்குக் கிட்டத்தான் நிற்கும், அதனால் ஒன்று முடிந்தால் மற்றதை வாங்கலாம். ஆனால் அளவு முக்கியம். 40 கிராம் ஓட்ஸில் 27 கிராம் மாச்சத்து இருக்கிறது. நல்ல சாப்பாடு என்று இரண்டு கோப்பை சாப்பிட்டால் சோறு சாப்பிட்ட மாதிரித்தான்.

இனிச் சமையல். கவனமாக வாசி. கால் கோப்பை ஓட்ஸுக்கு ஒரு கோப்பை தண்ணி, அதாவது ஒன்றுக்கு நாலு. அடி தடித்த சட்டியில் அரைத் தேக்கரண்டி நெய் விட்டு, மெல்லிய நெருப்பில் மூன்று நாலு நிமிடம் வறு. வறுத்த கச்சான் மாதிரி வாசம் வரும்போது நிறுத்து, கருகவிடாதே. தண்ணியைத் தனியாகக் கொதிக்கவைத்து ஊற்று. ஒரு கொதி வந்ததும் நெருப்பை நன்றாகக் குறைத்து, மூடியைச் சரித்து வை. முழுக்க மூடினால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். இருபத்தைந்து நிமிடத்தில் இருந்து முப்பது நிமிடம். இடையிடையே அடியைத் தொட்டுத் துழாவு, கடைசிப் பத்து நிமிடம் சட்டியை விட்டு அங்கால போகாதே, அப்போதுதான் அடிப்பிடிக்கும். உப்பைப் போட்டு இறக்கி, மூடி ஐந்து நிமிடம் விடு. மணி முழுதாக இருக்கும், பல்லில் பட்டதும் மெத்தென்று உடையும், சுற்றிவரக் கஞ்சி கொழுகொழுவென்று நிற்கும். அந்தப் பதம்தான் சரி.

அரை மணித்தியாலம் உனக்கு எங்கே என்று கேட்பாய். இரவே அளந்து தண்ணியில் ஊறவிடு. காலமையில் அதே தண்ணியோடு அடுப்பில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும், வறுக்கத்தான் முடியாது. 2022இல் காஸ் சிலிண்டருக்காக டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் வெறும் சிலிண்டரை வைத்துக்கொண்டு காலமை தொடக்கம் நின்றேனே, அந்த நாட்களில் பயறு, கடலை, குத்தரிசி எதையும் ஊறவிடாமல் நான் அடுப்பில் வைத்ததில்லை. அந்தப் பழக்கம் இன்னும் என்னில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு நாளைக்குச் சேர்த்துச் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்தாலும் பழுதாகாது. இறுகிப் போயிருக்கும், கொஞ்சத் தண்ணி விட்டுச் சூடாக்கு. பிரஷர் குக்கரில் வைப்பதென்றால் அரைவாசிக்கு மேல் நிரப்பாதே, நுரை போய் வால்வை அடைக்கும்.

சீனி, தேன், பனங்கட்டி ஒன்றும் வேண்டாம். பனங்கட்டி எங்கள் ஊர்ச் சாமான் என்பதற்காக உன் இரத்தம் அதற்கு இரக்கம் காட்டாது. நான் உறைப்புக் கஞ்சியாக வைத்தேன். சின்ன வெங்காயம், இரண்டு பல்லு உள்ளி, இஞ்சித் துண்டு, ஒரு பச்சைமிளகாய், கறிவேப்பிலை. கஞ்சி வெந்து வரும்போது இவற்றைப் போட்டு, இறக்கும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பால். பாலை முதலிலேயே விட்டால் திரைந்து அடிப்பிடிக்கும். இறக்கிய பிறகு தேசிக்காய். அந்தக் கஞ்சியைக் குடித்தபோது அம்மாவின் குசினிக்குள் இருந்த மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது, தம்பி.

கீழ்மாடி நோனாவுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அவ வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரைக் கட்டொன்று வாங்கிக்கொண்டு மேலே வந்தா. அவர்களுடைய இலைக்கஞ்சியான கொளகெந்தவில் சிவப்பரிசிக்குப் பதிலாக இந்த ஓட்ஸைப் போடலாம் என்று அவவுக்கு யோசனை. இலையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் விட்டு ஒரு கொதியில் இறக்கினோம். பச்சைப் பசேலென்று நல்லாக இருந்தது. உனக்கு வல்லாரை கிடைக்காவிட்டால் கீரை போதும், அங்கே ஸ்பினாச் இல்லாத கடை இருக்காது.

இதை எழுதும்போது அப்பாதான் மனதில் நிற்கிறார். கஞ்சிக் கோப்பையை நீட்டினால் "நான் என்ன வருத்தக்காரனோ?" என்று தள்ளிவிடுவார். பெருவிரலில் வந்த சின்னப் புண்ணை மூன்று கிழமை எங்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தார். கால் எடுத்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நீ என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய், உனக்குப் பதினாறு வயது. உன் மூன்று மாதச் சீனிக் கணக்கு 8.4 என்று நீ சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்பாவின் அந்தக் குணம் உன்னிலும் இருக்கிறதோ என்றுதான் பயம். படுக்கப் போக முதல் இரண்டு உள்ளங்காலையும் பார். கண்ணாடியைக் கீழே வைத்தாவது பார். மெற்போமினை ஓட்ஸ் சாப்பிடுகிறேன் என்று நீயாகக் குறைக்காதே.

நீ இருக்கிற நாட்டில் இதைச் சமைக்கத் தெரியாது என்று சொல்லலாமோ? கிளாஸ்கோவுக்கு வடக்கே, மலைப்பக்கத்தில், கார்பிரிட்ஜ் என்ற சின்னக் கிராமம். அங்கே 1994இல் தொடங்கிக் கஞ்சிக்கென்றே உலகப் போட்டி வைக்கிறார்கள். பிரதான போட்டியில் ஓட்ஸ், தண்ணி, உப்பு, வேறொன்றும் சேர்க்கக்கூடாது. ஓட்ஸும் வெட்டியதாக அல்லது அரைத்ததாக இருக்கவேண்டும், தட்டை ஓட்ஸுக்கு இடமில்லை. வெல்கிறவருக்குக் கஞ்சி துழாவும் மரத்தடியின் பெயரில் தங்க ஸ்பேர்ட்டில் என்ற பட்டம். மருமகள் இதைச் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. நீ இருபது வருடம் அங்கே இருந்தும் ஒரு நாளும் எனக்குச் சொல்லவில்லை.

மாமாவின் மகன் வருகிற மாதம் திரும்பிப் போகிறார். அவரிடம் ஒரு சிரட்டை அகப்பை கொடுத்துவிடுகிறேன், இரும்புக் கரண்டியால் சட்டியைச் சுரண்டாதே. மச்சாள் வாங்கி வைத்த அந்தக் கனமான சட்டி அலுமாரியில் மேல்தட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை இறக்கிக் கழுவு. இவ்வளவு நாளும் அதை நீ தொடவில்லை என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஏழு மணி என்றால் இங்கே பதினொன்றரை. நான் மத்தியானச் சமையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருப்பேன். நீ தண்ணியைக் கொதிக்கவைத்ததும் எனக்கு வீடியோவில் எடுத்து, போனை அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வை. கஞ்சி வேக அரை மணித்தியாலம் எடுக்கும். அதுவரைக்கும் கதைப்போம்.

அன்புடன்,
அக்கா